இதயம் எழுதும் எழுத்துகள்

மணிக்கட்டில் விரல் வைத்து நாடித் துடிப்பை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வகுப்பில் ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். உட்கார்ந்திருந்தபோது 80ஐ ஒட்டியிருந்த எண்ணிக்கை, விளையாட்டுத் திடலை ஒரு சுற்று ஓடி வந்ததும் 120ஐத் தாண்டியது. கால்களை ஓடச் சொன்னது நாம்; இதயத்தை விரையச் சொன்னது யார்? விடை தேடியபோது அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

இதயத்தின் வலது மேலறைச் சுவரில் 'எஸ்.ஏ. கணு' என்னும் சிறு திசு உள்ளது. இதுவே இயற்கை தந்த பேஸ்மேக்கர். இதில் பிறக்கும் மின்துடிப்பு முதலில் மேலறைகளாகிய ஏட்ரியங்களைச் சுருங்கச் செய்கிறது. பின்னர் 'ஏ.வி. கணு'வில் இமைப்பொழுது தாமதிக்கிறது. அந்த இடைவெளியில் கீழறைகள் இரத்தத்தால் நிரம்புகின்றன. அடுத்து, ஹிஸ் கற்றை, பர்கின்ஜி இழைகள் வழியாக மின்துடிப்பு பரவ, கீழறைகளாகிய வென்ட்ரிக்கிள்கள் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. நாம் ஓடும்போது நரம்புகளும் அட்ரினலினும் எஸ்.ஏ. கணுவை விரைவுபடுத்துகின்றன.

இந்த நுண்ணிய மின்சாரத்தைத் தெளிவாகப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். அக்கருவியின் எடை சுமார் 270 கிலோ! இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டனர். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீரில் அமிழ்த்தி அமர வேண்டும். 1905ல் அவர், ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனை நோயாளியின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வகத்தில் பதிவு செய்தார். 1924ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றோ, அந்த ஈ.சி.ஜி. கருவியை ஒருவரே கையில் எடுத்துச் செல்லலாம்.

ஈ.சி.ஜி. கோட்டின் மேடுபள்ளங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டவரும் ஐந்தோவனே. நம் திண்டுக்கல் சமவெளியை நினைத்துக்கொள்ளுங்கள். தரை மட்டமாகச் செல்கிறது. ஒரு சிறு மேடு வருகிறது. அது 'பி' அலை, அதாவது மேலறைகளின் வேலை. மீண்டும் சிறிது சமதரை. பின் மலைக்கோட்டைப் பாறைபோல் செங்குத்தாக எழுவது 'க்யூ.ஆர்.எஸ்.', கீழறைகளின் வேலை. அதன்பின் வரும் உருண்டையான குன்று 'டி' அலை. கீழறைகள் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாவதை அது காட்டுகிறது.

ஈ.சி.ஜி. தாள் வழக்கமாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்கிறது. எனவே தாளின் ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. ஓர் 'ஆர்' முனைக்கும் அடுத்ததற்கும் இடையே 4 பெரிய கட்டங்கள் இருந்தால், 300ஐ 4ஆல் வகுக்க, துடிப்பு நிமிடத்துக்கு 75. கணக்குப் பாடம் எங்கெல்லாம் பயன்படுகிறது, பாருங்கள்!

இனிச் சில சொற்கள். எஸ்.ஏ. கணுவின் ஆணைப்படி ஒழுங்காக நடக்கும் துடிப்பு 'சைனஸ் ரிதம்'. பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. 100க்கு மேற்பட்டால் 'டாக்கிகார்டியா'. 60க்குக் குறைந்தால் 'பிராடிகார்டியா'. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரருக்கு 60க்குக் குறைவதும் இயல்பே. ஒழுங்கு தவறிய துடிப்பு 'அரித்மியா'. மேலறைகள் தாறுமாறாக நடுங்கினால் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. மேலிருந்து கீழே செல்லும் மின்துடிப்பு தாமதித்தாலோ தடைபட்டாலோ 'ஹார்ட் பிளாக்'. கீழறைகளே நடுங்கத் தொடங்கினால் 'வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்'. அப்போது இரத்த ஓட்டம் நின்றுவிடும், சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

'எஸ்' முடிந்து 'டி' தொடங்கும்வரை உள்ள சமதரைக்கு 'எஸ்.டி.' பகுதி என்று பெயர். மாரடைப்பின் ஒரு கொடிய வகையில் இது மேலே தூக்கி நிற்கும். தமிழ்நாட்டில் கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் குழுவினரும் 35 சிறிய மையங்களைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, இத்தகைய நோயாளிகளின் ஈ.சி.ஜி.யை உடனுக்குடன் அனுப்ப ஏற்பாடு செய்தனர். 2,420 நோயாளிகளைப் பற்றிய அவர்களது ஆய்வு 2017ல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம், திட்டத்துக்கு முன் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். ஐந்தோவன் 1905ல் கண்ட வழி நம் மண்ணிலும் உயிர் காத்தது!

ஆனால் நோயாளி கருவியிடம் போனால்தானே அது எழுதும்? நம் வீடுகளில் தாத்தாவோ அப்பாவோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்தால், "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிச் சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்து விடியும்வரை காத்திருக்கிறோம். அந்தச் சில மணி நேரத்தில் இதயத் தசை மடிந்துகொண்டிருக்கலாம். வாயுவா, மாரடைப்பா என்று தீர்மானிப்பது நம் வேலையன்று. மருத்துவமனையை அடைந்த 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ விதி. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் வீடு திரும்பக் கூடாது.

ஆகவே தோழியரே, இந்த எழுத்துகளைப் படித்துப் பொருள் சொல்ல மருத்துவர் இருக்கிறார். "108க்குப் போன் பண்ணுங்க, உடனே ஈ.சி.ஜி. எடுக்கணும்" என்று வீட்டில் துணிந்து சொல்ல நாம் இருக்க வேண்டும். வயதில் சிறியவள் சொன்னாள் என்பதற்காக அந்தச் சொல்லின் மதிப்புக் குறைந்துவிடாது.