மகரக்கட்டு வந்த முருகன்

மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டும் நாடகமும் சொல்லித் தருகிறேன். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை முடித்த கையோடு நாடகத்திலும் சேர்த்துவிடுவேன்.

போன ஆண்டு விழாவுக்கு 13 வயதுப் பையன் ஒருவன்தான் முருகன். 5 கட்டையில் கணீரென்று பாடுவான். விழாவுக்குப் பத்தே நாள் இருக்கும்போது, மேல் ஸட்ஜமத்துக்குப் போனால் குரல் பிசிறியது. மகரக்கட்டு! சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் இதே மதுரையில் பால சபை தொடங்கினாரே, அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் இப்படிக் குரல் உடைந்த பையன்கள் வேஷம் இழந்து நிற்பார்களாம். நானும் அதையேதான் செய்தேன். எல்லார் எதிரிலும், "நீ வேண்டாம்ப்பா" என்று சொல்லி வேறு பையனை முருகனாக்கிவிட்டேன்.

மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. "வீட்ல வாயே திறக்க மாட்டேங்கிறான் டீச்சர்" என்று அவன் அம்மா கண் கலங்கியபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னோடதுதான் கண்ணா" என்றேன். பெரியவள் சின்னவனிடம் சொல்ல என்ன வெட்கம்?

அந்தக் கரகரத்த குரலுக்குச் சூரபத்மன் வசனம் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. விழாவில் முருகனைவிட அவனுக்குத்தான் கைதட்டல். பாட்டை மட்டும் ஆறு மாதம் நிறுத்திவைத்து, பிறகு சுருதியை இறக்கி மெதுவாக ஆரம்பித்தோம். இப்போது 1½ கட்டையில் பாடுகிறான்.

- ஒரு வாசகி, மதுரை.