நாளொழுங்கும் உளநலமும்: மரியன்தால் ஆய்வினை முன்வைத்துச் சில சிந்தனைகள்

உளநலம் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அறிவுரைகளையே மீண்டும் மீண்டும் வழங்குகின்றன. குறித்த நேரத்தில் துயிலெழ வேண்டும். நாளைத் திட்டமிட வேண்டும். நாள்தோறும் சிறிது தூரம் நடக்க வேண்டும். நூல்களை வாசிக்க வேண்டும். நண்பரோடு கூடிப் பழக வேண்டும். இவை பிழையான அறிவுரைகள் என எவரும் கூறார். எனினும் இவற்றின் பின்னால் ஓர் எண்ணம் சொல்லப்படாமலே நிற்கின்றது. நற்பழக்கம் என்பது தனிமனிதனின் மனவுறுதியால் விளைவது, நேரமும் விருப்பமும் இருப்பின் எவரும் அதனைக் கைக்கொள்ளலாம் என்பதே அது. இவ்வெண்ணம் எத்துணை தூரம் உண்மை என்பதை ஆராய்வதற்கு, 1931 ஆம், 1932 ஆம் ஆண்டுகளில் ஒஸ்திரியக் கிராமம் ஒன்றில் நடத்தப்பெற்ற ஆய்வு நமக்குப் பெரிதும் துணைபுரிகின்றது.

மரியன்தால், வியன்னா நகருக்குத் தென்கிழக்கே உள்ள கிறமற்நொய்சீடல் என்னும் ஊரைச் சார்ந்த தொழிலாளர் குடியிருப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த நெசவாலை ஒன்றே அதன் வாழ்வுக்கு ஆதாரம். தொழிலாளர் கழகங்கள், நாடகக் குழு, உதைபந்தாட்டக் குழு, நூல்நிலையம் என உயிர்த்துடிப்புள்ள பொதுவாழ்வு அங்கு நிலவியது. உலகப் பொருளாதார நெருக்கடியின் போது, 1929 நடுப்பகுதியிலிருந்து ஆலையின் பகுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1930 பெப்ரவரியில் தறிகளும் நின்றன. ஆய்வாளர் சென்றபோது அங்கு 478 குடும்பங்களில் 1486 பேர் வாழ்ந்தனர். நான்கில் மூன்று பங்கு குடும்பங்களில் வேலையுள்ளவர் ஒருவரேனும் இல்லை.

மரீ யகோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசெல் ஆகிய மூவரும் இவ்வாய்வின் முதன்மையாளர். மூவரும் இளைஞர், மூவரும் சமவுடைமை இயக்கத்தவர். அவர்கள் முதலில் ஆராய விரும்பியது தொழிலாளரின் ஓய்வுநேரத்தையாகும். நாடெங்கும் மக்கள் வேலையிழந்து நிற்கையில் ஓய்வை ஆராய்வது பொருந்தாது என அவர்களை மரியன்தாலின் பக்கம் திருப்பியவர் சமூக சனநாயகக் கட்சித் தலைவர் ஒட்டோ பௌவர். ஆய்வாளர் எவரும் ஊரில் வெறும் பார்வையாளராக இருத்தலாகாது, ஊருக்குப் பயன்படும் பணி ஒன்றைச் செய்தே ஆகவேண்டும் என்னும் விதியினையும் அவர்கள் தமக்கு வகுத்துக்கொண்டனர். துணிகள் சேகரித்து வழங்கினர்; இலவச மருத்துவ ஆலோசனைக்கு ஒழுங்கு செய்தனர்; தையல் மாதிரி வரையவும் உடற்பயிற்சி செய்யவும் வகுப்புகள் நடத்தினர். மக்களிடம் தகவலை மட்டும் கறந்துகொண்டு திரும்பும் ஆய்வு முறைகளை எண்ணிப் பார்க்கையில் இவ்விதியின் அருமை புலனாகும்.

இனி, அவர்கள் கண்டவற்றை நோக்குவோம். நேரம் பெருகினால் வாசிப்பும் பெருகும் என எதிர்பார்ப்பதே இயல்பு. நூல்நிலையத்தில் முன்பு அறவிடப்பட்ட சிறு கட்டணமும் நீக்கப்பட்டிருந்தது. இருந்தும் 1929 க்கும் 1931 க்கும் இடையில் இரவல் பெறப்பட்ட நூல்களின் தொகை 48.7 சதவீதம் வீழ்ச்சியுற்றது. வாசகர் தொகை குறைந்ததோடு, எஞ்சியவர்களும் முன்னரினும் குறைவாகவே வாசித்தனர். ஒருவர் பெற்ற நூல்களின் சராசரி 3.23 இலிருந்து 1.6 ஆகச் சுருங்கியது. தொழிலாளரின் அரசியல் நாளேடான ‘ஆர்பைற்றர் சைற்றுங்’ 1927 க்கும் 1930 க்கும் இடையில் தன் சந்தாதாரருள் 60 சதவீதத்தினரை இழந்தது. இதற்கு வறுமையே காரணம் என ஒருவர் கூறலாம். ஆனால் வேலையற்றோருக்கு அவ்வேடு சலுகை விலையிற் கிடைத்தது, நூல்களோ இலவசம். எனவே பணமின்மையால் மட்டும் இதனை விளக்கிவிட இயலாது. ஒரு காலத்தில் மக்கள் மாலையில் கூடிய பூங்காவும் புதர் மண்டிக் கிடந்தது. அதனைச் செப்பனிடக் கைகளும் இருந்தன, காலமும் இருந்தது.

நடத்தலைப் பற்றிய அவதானிப்பு இவ்வாய்வின் மிகச் சிறந்த பகுதி எனலாம். ஆய்வாளர், பிரதான வீதியின் ஓரத்தில் மறைவாக நின்று, ஏறத்தாழ முந்நூறு மீற்றர் தூரத்தை மக்கள் எவ்வாறு கடக்கின்றனர் எனக் கணித்தனர். ஆடவருள் மூன்றில் இரு பங்கினர் வழியில் இரு தடவைக்குக் குறையாது நின்றனர். நில்லாமற் சென்றோர் பத்தில் ஒருவரே. பெண்கள் ஆடவரைவிட ஒன்றரை மடங்கு விரைவாக நடந்தனர். ஆடவருட் பெரும்பாலானோர் கைக்கடிகாரம் அணிவதையும் கைவிட்டிருந்தனர். தம் நாளை மணிக்கு மணி எழுதித் தருமாறு கேட்கப்பட்டபோது, எழுந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பியது, உண்டது, உறங்கியது ஆகியவற்றையே அவர்களால் நினைவுகூர முடிந்தது. இடைப்பட்ட மணிகளில் என்ன செய்தோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. விறகு எடுக்கச் சென்றமை, நீர் கொணர்ந்தமை போன்ற ஐந்து நிமிட வேலை ஒரு மணி நேரத்தை நிரப்பியது. நேரம் தவறி உண்ண வருதல் வீடுகளிற் பிணக்குக்குக் காரணமாயிற்று. செய்ய வேலை எதுவும் இல்லாதவனே நேரம் தவறினான்.

பெண்களின் நிலை வேறு. ஆலை வேலையை இழந்தவருள் அவர்களும் இருந்தனர். எனினும் சமையல், துவைத்தல், பழந்துணி தைத்தல், பிள்ளை பேணல் என அவர்களுடைய நாள் நிறைந்தே இருந்தது. அவர்களை வேலையற்றோர் என்பது ஊதியம் என்ற பொருளில் மட்டுமே பொருந்தும் என ஆய்வாளர் கருதினர். இதனைக் கொண்டு வீட்டுவேலை உளநலத்துக்கு உகந்த மருந்து என எவரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. வாய்ப்பிருந்தால் ஆலைக்கே திரும்புவோம், பணத்துக்காக மட்டுமன்று எனப் பல பெண்கள் கூறியுள்ளனர். ஆலையில் அவர்களுக்கு வீட்டுக்கு வெளியே ஓர் உலகம் இருந்தது.

பிள்ளைகளையும் இச்சோர்வு விட்டுவைக்கவில்லை. நத்தார்ப் பரிசாக வேண்டுவன எவை என எழுதுமாறு கேட்கப்பட்டபோது, மரியன்தால் பிள்ளைகள் விரும்பிய பொருள்களின் சராசரிப் பெறுமதி 12 சிலிங்காகவும் அயற்கிராமத்துப் பிள்ளைகளுடையது 36 சிலிங்காகவும் இருந்தது. அச்சிறு விருப்பத்தைக்கூடப் ‘பெற்றோரிடம் பணம் இருக்குமாயின்’ என்ற தயக்கத்துடனேயே பலர் எழுதினர்.

ஆய்வாளர் குடும்பங்களை மனநிலை அடிப்படையில் வகுத்தபோது 23 சதவீதம் தளராதவையாகவும், 70 சதவீதம் விதியே என அடங்கியவையாகவும், 7 சதவீதம் முறிந்துபோனவையாகவும் காணப்பட்டன. முறிந்தவற்றுள் மனங்கசந்து வாடியவையும் உணர்வற்று ஒடுங்கியவையும் அடங்கும். தளராத குடும்பங்கள் எதிர்காலத்துக்குத் திட்டமிட்டன, வேலை தேடின, வீட்டை ஒழுங்காகப் பேணின. அறிவுரைக் கட்டுரைகள் போற்றும் பழக்கங்கள் அனைத்தும் இவற்றிடம் இருந்தன எனலாம். இவர்கள் மனவுறுதி மிக்கோர் எனப் பாராட்டி அமையுமுன் வருமானக் கணக்கையும் நோக்குதல் வேண்டும். ஒரு நபருக்குரிய நுகர்வு அலகின்படி மாத வருமானம் தளராத குடும்பங்களில் 34 சிலிங், அடங்கியவற்றில் 30, மனங்கசந்தவற்றில் 25, ஒடுங்கியவற்றில் 19. மிகச் சில சிலிங்குகளே ஒரு மனநிலையை மற்றொன்றிலிருந்து பிரித்தன. உதவிப்பணக் காலம் முடிவுற முடிவுற ஒரு குடும்பம் அடுத்த படிக்கு இறங்கும் என முன்கூட்டியே உரைக்கக்கூடிய நிலையும் இருந்தது.

ஆய்வு நூல் 1933 இல் லைப்சிக் நகரில் வெளியாயிற்று. ஆசிரியர்கள் யூதர், ஆட்சியில் நாசிகள். நூல் ஆசிரியர் பெயரின்றியே வெளிவர வேண்டியிருந்தது. யகோடா 1936 இல் ஒஸ்திரியாவில் சிறைப்படுத்தப்பட்டு, 1937 இல் இங்கிலாந்து சென்றார். 1982 இல் எழுதிய நூலில் அவர் மரியன்தாலின் பட்டறிவைக் கோட்பாடாக விரித்தார். தொழில் ஊதியத்தோடு வேறு ஐந்தினையும் தருகின்றது: நாளுக்கு ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே உறவு, கூட்டு நோக்கில் பங்கு, சமூகத்தில் இடம், இடையறாத செயற்பாடு. இவற்றை எவரும் தனியே முயன்று பெறலாம்; ஆயின் அம்முயற்சி மிகக் கடினமானது. தொழிலோ இவற்றை வேண்டாமலே தந்துவிடுகின்றது.

இக்கோட்பாட்டை ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த டேவிட் பிறயர் மறுத்தார். மனிதர் திட்டமிட்டு இயங்கும் தன்மையர். அவர்களை முடக்குவது ஒழுங்கின்மையன்று, வறுமையும் உதவிப்பணம் வழங்கும் அமைப்பின் கட்டுப்பாடுகளுமே என்பது அவர் வாதம். மரியன்தாலிலேயே இதற்குச் சான்று உண்டு. சிறு கூலிவேலை செய்தவர் கண்டுபிடிக்கப்பட்டால் உதவிப்பணத்தை இழந்தார். அதாவது செயலற்றிருத்தல் அங்கு ஒரு நிபந்தனையாகவே விதிக்கப்பட்டிருந்தது. ஆலைச் சங்கொலியை உளநலத்தின் காவலனாக்குவதிலுள்ள ஆபத்தையும் இம்மறுப்பு நினைவூட்டுகின்றது. சுரண்டலும் நாளுக்கு ஒழுங்கைத் தரவே செய்யும். எனினும் இலவச நூல்கள் வாசிக்கப்படாமற் கிடந்தமையை வறுமை ஒன்றால் முற்றாக விளக்கலாகாது என்றே நாம் கருதுகின்றோம்.

அங்ஙனமாயின் தனிமனிதன் செய்யத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு. மனச்சோர்வு ஒருவரைச் செயல்களிலிருந்து விலக்குகின்றது. விலகுவதால் செயல் தரும் நிறைவு குன்றுகின்றது. அக்குறைவு சோர்வை மேலும் ஆழமாக்குகின்றது. இச்சுழலை அமெரிக்க உளவியலாளர் பீற்றர் லெவின்சன் 1970 களில் தெளிவுபடுத்தினார். மனம் தெளிந்தபின் செயல்படக் காத்திராது, சிறு செயலிலிருந்து மனத்தைத் தெளிவிக்கும் சிகிச்சை முறை இதிலிருந்து வளர்ந்தது. நாளின் மணிகளுக்கு நேரே செய்தவற்றைக் குறித்தலே இதன் முதற்படி. மரியன்தால் ஆடவர் நிரப்பத் திணறிய அதே தாள் இது. 1996 இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர், முழு அறிகைச் சிகிச்சைக்கு இப்பகுதி மட்டுமே ஏறத்தாழ ஈடாகின்றது எனக் கண்டனர். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவரல்லாத ஆலோசகர் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதனை வழங்கி நற்பயன் கண்டமை 2017 இல் வெளியிடப்பட்டது. இங்கும் ஒன்று கவனிக்கத்தக்கது. நோயாளிக்கு அறிவுரைப் பட்டியல் நீட்டப்படவில்லை. ஒருவர் வாரந்தோறும் வந்து அவரோடு அமர்ந்து, என்ன செய்தீர்கள் எனக் கேட்டார்.

2020 ஒக்டோபரில் அதே கிறமற்நொய்சீடலில் நீண்டகாலம் வேலையற்றிருந்தோர் அனைவருக்கும் அவர்தம் விருப்பத்தின்படி ஊதியமுள்ள வேலை உறுதிசெய்யும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஒக்ஸ்போர்ட் பொருளியலாளர் இருவர் அதனை மதிப்பிட்டனர். யகோடா வகுத்த அளவுகோல்களையும் அவர்கள் பயன்படுத்தினர். பங்குபற்றியோரின் வருமானத்தோடு நாளொழுங்கும், சமூக உறவும், மதிப்புணர்வும் தெளிவாக உயர்ந்திருந்தன. உடல்நலத்தில் அக்காலத்துள் மாற்றம் தென்படவில்லை. விடியலில் எழுமாறு அவர்களுக்கு எவரும் அறிவுரை கூறியதாக அறிக்கையில் இல்லை.