பல்லில் பதிந்த பால் கணக்கு

போர்னியோ, சுமத்ரா காடுகளில் ஒராங்குட்டான்களைப் பின்தொடரும் ஆய்வாளர்களுக்குக் கழுத்துவலி நிச்சயம். அவை வாழ்வது மர உச்சியில். பொழுது சாயும்போது தாய் கிளைகளை மடக்கிப் புதிதாக ஒரு கூடு கட்டி, குட்டியோடு படுத்துவிடும். உள்ளே குட்டி பால் குடிக்கிறதா, தூங்குகிறதா? கீழே நிற்பவருக்குத் தெரியாது. பகலிலும் குழப்பம்தான். காம்பில் வாய் வைத்த குட்டியெல்லாம் பால் குடிப்பதாகச் சொல்லிவிட முடியாது; வெறும் ஆறுதலுக்காகவும் சப்பும்.

கண்ணுக்குப் பிடிபடாத இந்த விவரம் பல்லில் இருக்கிறது. ஈறுக்குள் பல் படலம் படலமாக வளர்கிறது. ஒவ்வொரு நாள் வளர்ச்சியும் நுண்ணோக்கியில் ஒரு கோடு. அந்தக் காலத்துத் தயிர்க்காரம்மா சுவரில் போட்டுவிட்டுப் போன கரிக்கோடு மாதிரி. முதல் கடைவாய்ப்பல் கருவிலேயே உருவாகத் தொடங்குவதால், பிறந்த நாளும் அதில் தனிக்கோடாகத் தெரியும். அங்கிருந்து எண்ணிக்கொண்டே போகலாம்.

பாலின் அளவைக் காட்டிக்கொடுப்பது பேரியம். கால்சியத்தின் பங்காளி உலோகம் அது. உடல் இரண்டையும் அவ்வளவு கறாராகப் பிரித்தறிவதில்லை. தாய்ப்பாலோடு வரும் பேரியம், வளரும் பல்லில் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பால் கூடிய நாட்களின் படலத்தில் அதுவும் கூடியிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான்யா ஸ்மித்தும், நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டின் ஆஸ்டின், மனீஷ் அரோரா உள்ளிட்டோரும் அருங்காட்சியகங்களில் இருந்த நான்கு காட்டு ஒராங்குட்டான்களின் பற்களை லேசரால் நுண்ணளவில் சுரண்டிப் பார்த்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. முதல் ஓராண்டில் பேரியம் சீராக ஏறுகிறது. பிறகு குட்டி பழம் தின்னப் பழகியதும் இறங்குகிறது. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் இறங்கியது மறுபடி ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. ஒரு குட்டியிடம் எட்டு வயது தாண்டியும் இந்த ஏற்ற இறக்கம் நீடித்திருக்கிறது.

காரணம் காடு. அங்குள்ள மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவில் பழுப்பதில்லை. சில காலம் கொட்டித் தீர்க்கும், பிறகு மாதக்கணக்கில் பஞ்சம். அப்போது பெரியவை மரப்பட்டையின் உட்புறத்தையும் இலையையும் மென்று காலம் தள்ளும். அந்த நாட்களில் பிள்ளை தாயிடமே திரும்புகிறது. பால் மறத்தல் என்பது ஒரு தேதியில் முடியும் காரியம் என்ற எண்ணத்தை ஒராங்குட்டான் குலைத்துவிடுகிறது.

விலை கொடுப்பது தாய். பாலூட்டும் வரை அடுத்த கரு தள்ளிப்போகும் என்பதால், ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் ஏழெட்டு ஆண்டு இடைவெளி. ஆண்டு முழுவதும் தழை கிடைக்கும் மலைக்கொரில்லா மூன்று, நான்கு வயதிலேயே குட்டியைப் பால் மறக்கச் செய்துவிடுகிறது. சிம்பன்சிக்கு நான்கைந்து வயதாகும். அதுவும் ரகளை இல்லாமல் நடக்காது. தாய் விலக்கினால் பிள்ளை அலறித் தரையில் புரளும். தான்சானியாவின் கோம்பேயில் ஆய்வாளர் ஜேன் குடால் கவனித்த ஃபிளிண்ட் என்ற சிம்பன்சி, தங்கை பிறந்த பிறகும் தாய் ஃப்ளோவின் முதுகில் சவாரி செய்தான், அவள் கூட்டிலேயே படுத்தான். மறுத்துத் தள்ள அந்தக் கிழத்தாய்க்குத் தெம்பில்லை. 1972இல் அவள் இறந்தபோது அவனுக்கு எட்டு வயதுக்கு மேல். தின்பதை விட்டு ஒடுங்கிப்போனவன், சில வாரங்களில் தானும் செத்தான்.

பேரியம் கணக்கு இன்னும் பின்னால் போகிறது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டைன் குகையில் கிடைத்த, 20 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான, மனிதனின் தொல்லுறவான ஆஸ்ட்ரலோபித்திகஸின் பற்களை இதே முறையில் 2019இல் படித்தார்கள். முதல் ஓராண்டு பெரும்பாலும் தாய்ப்பால். அதன்பின் நான்கைந்து வயது வரை, ஒராங்குட்டானுடையதைப் போலவே ஏற்றமும் இறக்கமும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் நிமிர்ந்து நடந்த அந்தத் தாய்களும் பஞ்ச மாதங்களைப் பாலால்தான் கடந்திருக்கிறார்கள் போலும்.