‘சைலன்ட்’ வண்டி மட்டும் போதுமா?

தூத்துக்குடியில் கல்யாணமோ, கோயில் கொடையோ, அசன விருந்தோ, ஜெனரேட்டர் வாடகைக்குப் பேசும்போது முதலில் கேட்பது, ‘சைலன்ட் வண்டிதானே?’ என்றுதான். எர்த் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்பவர் அபூர்வம். சத்தம் உடனே காதில் விழும். எர்த் இல்லாதது ஷாக் அடிக்கும்வரை தெரியாது. சத்தத்துக்காவது விதி பரவலாகத் தெரியும். 2005 ஜனவரி முதல் தயாரான, 1,000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர்களின் சத்தம், பெட்டியிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆனால் குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல்தான். ஆகவே விதிப்படி செய்த வண்டியையும் ஜன்னலோரம் நிறுத்தினால் தெருவுக்குத் தூக்கம் போகும். சூடாகிறதென்று பெட்டிக் கதவைத் திறந்து வைத்தாலோ, சைலன்டுக்குக் கொடுத்த காசு வீண்.

எர்த் விஷயத்தில் இந்தக் கடற்கரையில் ஒரு நம்பிக்கை உண்டு: உப்பு மண்ணில் கம்பியைச் செருகினாலே போதும். இது பாதி உண்மை. ஈரமான உப்பு மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மேலே கிடக்கும் காய்ந்த மணல் கடத்தாது. கம்பி ஈரம்வரை இறங்க வேண்டும். அதே உப்புதான் ஜி.ஐ. குழாயையும் கிளாம்பையும் அரிக்கிறது. மண் நன்றாக இருந்தும் துருப்பிடித்த நட்டில் இணைப்பு அறுந்துபோகும். கம்பியை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். அதன் தடை 20 ஓம் என்றால், 230 வோல்ட் கசிவில் 11.5 ஆம்பியர் மட்டுமே ஓடும். 20 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது. நியூட்ரலை எர்த்தோடு இணைத்து, கசிவை உணரும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் வைத்தால்தான் மின்சாரம் நொடிக்குள் துண்டிக்கப்படும். மூன்று பேஸ் ஜெனரேட்டரின் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணைய விதிகள். இரும்பாலான சைலன்ட் பெட்டியையும் அதோடு சேர்க்க வேண்டும்.

சின்ன ஜெனரேட்டரில் நியூட்ரல் எர்த்தோடு சேராததே பாதுகாப்பு, ஒரு கசிவால் ஷாக் அடிக்காது என்பார்கள் சிலர். ஒரே ஒரு மோட்டாரோ விளக்கோ ஓடும்வரை அது சரி. பந்தல் முழுக்க சீரியல் செட் இழுத்த பிறகு, முதல் கசிவு யாருக்கும் தெரியாமல் கிடக்கும். இரண்டாவது உயிரை வாங்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதே, அதுபோல் தரையெங்கும் தண்ணீர் நிற்கும் நாளில்தான் ஜெனரேட்டர் அதிகம் தேவைப்படுகிறது. அடுத்த முறை வாடகை பேசும்போது, எர்த் கம்பி எங்கே, ஆர்.சி.சி.பி. எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.