கைப்பேசியும் கோபுரமும்: அலைச் சக்தியை அளவோடு செலுத்தும் முறை

கிராம சபைக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் உரத்துப் பேசினால், கடைசி வரிசையில் இருப்பவருடைய சொல் தலைவரின் காதில் விழாது. அருகில் இருப்பவர் மெதுவாகவும், தொலைவில் இருப்பவர் உரக்கவும் பேசினால் அனைவருடைய கருத்தும் சபையேறும். கைப்பேசிக்கும் அதன் கோபுரத்துக்கும் இந்நியதியே பொருந்தும்.

கைப்பேசி அலையைப் பெறுவதோடு, தானும் அலையை அனுப்புகிறது. ஒரே கோபுரத்தைப் பலர் ஒரே சமயத்தில் உபயோகிக்கின்றனர். ஆகவே, ஒவ்வொரு கைப்பேசியிலிருந்தும் வரும் அலையின் வலிமையைக் கோபுர நிலையம் அளந்து, சக்தியைக் கூட்டும்படியோ குறைக்கும்படியோ கட்டளையிடுகிறது. மூன்றாம் தலைமுறை முறையில் இக்கட்டளை வினாடிக்கு 1500 தடவை செல்லுமாறு அமைக்கப்பட்டது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி அதிகபட்சம் 2 வாட் சக்தியில் அனுப்பும். கோபுரம் அருகில் இருப்பின், ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். நான்காம் தலைமுறைக் கைப்பேசியின் உச்ச அளவு பொதுவாக 0.2 வாட் ஆகும்.

இம்முறையால் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சைக் கெடுப்பதில்லை. பாட்டரியும் நீடித்து உழைக்கிறது. கோபுரத்துக்கு எட்டாத தோப்பிலும் வயலிலும் பாட்டரி விரைவில் தீர்ந்துபோவதற்கு, கைப்பேசி தன் முழுச் சக்தியோடு அலை அனுப்புவதே முக்கிய காரணம். செல்போன் மூலம் பம்ப்செட்டை இயக்கும் ஸ்டார்ட்டரை வைத்திருக்கும் விவசாயிகள், அதன் ஏரியலை இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்தல் கூடாது. இரும்பு அலையைத் தடுக்கும். பெட்டிக்கு வெளியே உயரத்தில் பொருத்துதல் நலம்.

ஊருக்குள் கோபுரம் வேண்டாம் எனப் பஞ்சாயத்துக்கு மனுக்கள் வருவதுண்டு. மக்களின் அச்சத்தை அலட்சியம் செய்வது முறையன்று. ஆயினும், கோபுரத்தை வெகுதூரம் தள்ளி வைத்தால், நம் காதோடு ஒட்டியிருக்கும் கைப்பேசி அதிக சக்தியில் இயங்க நேரும் என்பதையும் அங்கத்தினர்கள் எடுத்துரைக்க வேண்டும். கோபுரங்களின் அலை அளவுக்கு நம் நாட்டில் வரம்பு உண்டு. 2012 செப்டம்பர் 1 முதல் அவ்வரம்பு, அதுவரை அனுசரிக்கப்பட்ட அனைத்துலக அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. கோபுரம் அவ்வரம்புக்கு உட்பட்டிருக்கிறதா என்பதை அறிய, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2017-இல் 'தரங் சஞ்சார்' என்னும் இணையதளத்தைத் தொடங்கியது.

வதந்தியைக் கேட்டு முடிவு செய்யாமல், அளவைக் கேட்டறிந்து முடிவு செய்வோமாக. அதுவே ஊருக்கு நன்மை பயக்கும்.