சமையலறை மேடையில் கிடைத்த ஐங்கோணங்கள்

கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் மார்ஜரி ரைஸ் என்று ஓர் இல்லத்தரசி இருந்தார். ஐந்து பிள்ளைகளின் தாய். கணிதம் என்று அவர் படித்தது உயர்நிலைப் பள்ளியோடு சரி. மகனுக்காக வீட்டுக்கு வந்த ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிவந்த கணித விளையாட்டுப் பகுதியை அவரும் விரும்பிப் படிப்பார். 1975-இல் அந்தப் பகுதியில் ஒரு கேள்வி வந்தது. ஒரே அச்சில் வார்த்த ஐங்கோணங்களைக் கொண்டு இடைவெளி விடாமல் தரை முழுவதும் பரப்ப முடியுமா? முடியும் என்றால், உள்பக்கம் குழியாத ஐங்கோணங்களில் எத்தனை வகைகளால் முடியும்?

கேள்வி சின்னதாகத் தெரியும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அதன் சிக்கல் புரியும். ஐந்து பக்கமும் சமமான ஒழுங்கு ஐங்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 108 டிகிரி. ஒரு புள்ளியைச் சுற்றி மூன்றை வைத்தால் 324 டிகிரிதான் நிரம்பும். மிச்சம் 36 டிகிரி திறந்தே கிடக்கும், நான்காவது அதில் நுழையாது. ஆகவே கோணங்களையும் பக்கங்களையும் கூட்டிக் குறைத்துத்தான் ஆக வேண்டும். சதுரத்தின் மேல் கூரை வைத்தது போன்ற ஐங்கோணம் எளிதாகப் பொருந்திவிடும். அதற்கு அப்பால் எதெல்லாம் பொருந்தும் என்று தேடுவதில்தான் விஷயம் இருக்கிறது.

ஜெர்மனியின் கார்ல் ரைன்ஹார்ட் 1918-இல் ஐந்து வகைகளைக் கண்டார். 1968-இல் ரிச்சர்ட் கெர்ஷ்னர் மேலும் மூன்றைச் சேர்த்து, எட்டோடு பட்டியல் முடிந்தது என்று அறிவித்தார். கார்ட்னர் அதை வெளியிட்டதும் ரிச்சர்ட் ஜேம்ஸ் என்ற வாசகர் ஒன்பதாவதை அனுப்பிவைத்தார். முடிந்தது என்று வல்லுநர்கள் சொன்ன பட்டியலில் ஒரு வாசகர் இடம் பிடித்த அந்தச் செய்திதான் ரைஸை உட்கார வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமையலறை மேடையில் தாளை விரித்து வரைந்தார். யாராவது வந்தால் எடுத்து மறைத்துவிடுவார். எந்தக் கோணம் எதனோடு சேர்கிறது என்று குறித்துக்கொள்ளக் கணிதப் புத்தகங்களில் இருந்த முறை அவருக்குத் தெரியாது. தானே சின்னச் சின்னக் கோடுகளால் ஒரு குறியீட்டு முறையை உண்டாக்கிக்கொண்டார். 1976, 1977 ஆகிய இரண்டே ஆண்டுகளில் நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்துவிட்டார். கார்ட்னர் அவருடைய கடிதத்தைப் பென்சில்வேனியாவின் மொராவியன் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் டோரிஸ் ஷாட்ஷ்னைடருக்கு அனுப்ப, அந்தக் குறியீடுகளைப் பொறுமையாகப் படித்து, கண்டுபிடிப்பு சரிதான் என்று உலகுக்குச் சொன்னவர் அவர். ரைஸ் கண்ட ஐங்கோணங்களில் ஒன்று பிற்பாடு வாஷிங்டனில் ‘மேத்தமேட்டிக்கல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா’ கட்டடத்தின் முகப்புத் தரையாகப் பதிக்கப்பட்டது.

கார்ட்னரும் கல்லூரியில் கணிதம் படித்தவர் அல்லர், தத்துவம் படித்தவர். தான் எழுதும் விஷயம் முதலில் தனக்குப் புரிவதற்கே நேரம் எடுத்துக்கொண்டதால்தான் வாசகர்களுக்குப் புரியும்படி எழுத முடிந்தது என்று அவர் சொல்வதுண்டு. 1957-இல் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டு மாதந்தோறும் எழுதினார். அவை பதினைந்து நூல்களாகத் தொகுக்கப்பட்டன. அவற்றை நாவல் போலப் புரட்டிக்கொண்டே போனால் சுவை தெரியாது. ஒரு பக்கம் படித்து, மூடிவைத்து, கையால் செய்து பார்க்க வேண்டும்.

செய்து பார்க்க இதோ ஒன்று. பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையில், நான்கு பக்கமும் நான்கு நீளமாக, மனம்போன போக்கில் ஒரு நாற்கரம் வெட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் வைத்து ஓரங்களை வரையுங்கள். ஒரு பக்கத்தின் சரிநடுவில் ஊசியை ஊன்றி, அட்டையை அரைச்சுற்று திருப்புங்கள். அந்தப் பக்கம் தன் மீதே வந்து படியும். மறுபடியும் வரையுங்கள். இப்படியே ஒவ்வொரு பக்கத்திலும் செய்துகொண்டு போனால் தாள் முழுக்க நிரம்பும், துளி இடைவெளி இருக்காது. ஒவ்வொரு முனையிலும் நாற்கரத்தின் நான்கு கோணங்களும் ஆளுக்கு ஒரு முறை வந்து கூடுவதும், அவற்றின் கூட்டுத்தொகை எப்போதும் 360 டிகிரியாக இருப்பதும்தான் காரணம். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாளில் எழுதிய வாசகம் கண்முன்னே தரையாக விரியும்போது வரும் மகிழ்ச்சி தனி.

இதையே கணினியில் செய்ய ஜியோஜீப்ரா இருக்கிறது. ஆஸ்திரியாவின் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வாக 2001-இல் தொடங்கிய மென்பொருள். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசம், கைபேசியிலும் இயங்கும். நாற்கரம் வரைந்து, பக்கங்களின் நடுப்புள்ளிகளைக் குறித்து, அவற்றைச் சுற்றி 180 டிகிரி திருப்பச் சொன்னால் போதும். பிறகு ஒரு முனையைப் பிடித்து இழுங்கள். மொத்தத் தரையும் நெளிந்து உருமாறும். ஆனால் எங்கும் விரிசல் விடாது. முனையை உள்பக்கம் குழியும்படி தள்ளினால்கூட விடாது. “எந்த நாற்கரத்துக்கும்” பொருந்தும் என்பதன் பலத்தை எனக்குப் புரியவைத்தது அந்த இழுப்புதான்.

ரைஸின் கதையை அப்படியே தொடர்ந்தவர் என்று இங்கிலாந்தின் டேவிட் ஸ்மித்தைச் சொல்வேன். யார்க்‌ஷயரில் வசிக்கும் அவர் அச்சுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைப் பிடித்திருந்த கேள்வி இன்னும் கடினமானது: தரையை நிரப்ப வேண்டும், ஆனால் ஒரே கோலம் சீராகத் திரும்பத் திரும்ப வரவே கூடாது. ராபர்ட் பெர்கர் 1966-இல் இதைச் செய்து காட்ட 20,426 வகை ஓடுகள் தேவைப்பட்டன. 1970-களில் ரோஜர் பென்ரோஸ் அதை இரண்டாகக் குறைத்தார். ஒரே ஒரு வடிவத்தால் முடியுமா என்பது அரை நூற்றாண்டாக விடை இல்லாமல் நின்றது.

2022 நவம்பரில் ஸ்மித், யாப் ஷெர்ஃபைஸ் எழுதிய ‘பாலிஃபார்ம் பசில் சால்வர்’ என்ற மென்பொருளில் விதவிதமான வடிவங்களைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். எட்டுப் பட்ட வடிவ நாற்கரங்களை ஒட்டினாற்போல அமைந்த, பதின்மூன்று பக்கங்கள் கொண்ட ஒரு வடிவம் வித்தியாசமாக நடந்துகொண்டது. மென்பொருள் தொடர்ந்து அடுக்கிக்கொண்டே போனது, கோலமோ திரும்ப வரவில்லை. ஸ்மித் அதோடு நிற்கவில்லை. அதே வடிவத்தைத் தடித்த அட்டையில் வெட்டி மேசையில் கையால் அடுக்கிப் பார்த்தார். பிறகுதான் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் கிரெய்க் கப்லானுக்கு எழுதினார். ஜோசப் மையர்ஸ், ஹைம் குட்மன் ஸ்ட்ராஸ் ஆகிய இருவரும் சேர்ந்துகொள்ள, நால்வரின் நிரூபணம் 2023 மார்ச்சில் வெளியானது. தொப்பி போலத் தெரிந்ததால் அந்த வடிவத்துக்குத் தொப்பி என்றே பெயர். கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் ஸ்மித்துடையது.

ஐங்கோணக் கணக்கும் கணினியின் துணையோடுதான் முடிந்தது. பதினான்காவது வகை 1985-இல் கிடைத்தது. பதினைந்தாவதை 2015-இல் வாஷிங்டன் மாநிலத்தில் கேசி மேன் குழுவினர் கணினியால் தேடிப் பிடித்தார்கள். இனி வேறு இல்லை என்று பிரான்ஸின் மிக்காயெல் ராவ் 2017-இல் அறிவித்தார். ரைஸ் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

ஸ்மித்தின் தொப்பிக்குத் திரும்புவோம். அதில் ஒரு குறை சொன்னார்கள். தரையை நிரப்ப அதில் ஏறக்குறைய எட்டில் ஒன்றைக் கண்ணாடிப் பிம்பம்போலக் கவிழ்த்துப் போட வேண்டியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் மெருகேற்றிய டைல்ஸைக் கவிழ்க்க முடியுமா? அப்படியானால் இவை இரண்டு வடிவங்கள்தானே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தொப்பியின் உறவு வடிவம் ஒன்று, கவிழ்க்காமல் அடுக்கினால் விசித்திரமாக நடந்துகொள்வதை ஸ்மித்தே கவனித்துச் சொன்னார். 2023 மே மாதத்தில் அதே நால்வர் அதன் நேர்ப்பக்கங்களை வளைகோடுகளாக மாற்றினார்கள். கவிழ்த்துப் போட்டால் இப்போது பக்கத்து ஓட்டோடு பொருந்தாது. நேராக வைத்தே தரை முழுவதும் நிரம்பும், கோலமும் ஒருபோதும் சீராகத் திரும்ப வராது.