ஏடும் இணையமும்: அலுவிகாரை கற்பிக்கும் பாடம்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியிலே, வடக்கு நோக்கி ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் சென்றால், பெரும் பாறைகளும் அவற்றினிடையே குகைகளும் அமைந்த ஓர் இடத்தைக் காணலாம். அதுவே அலுவிகாரை. கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பிரயாணஞ் செய்யும் தமிழ் மக்கள் பலர் அதன் வாயிலைக் கடந்து சென்றிருப்பர். உலகத்திலே கூடிய பயன்மிக்க சபைகளுள் ஒன்று இந்தக் குகைகளிலே கூடியது என்பது பழைய மரபு.

இக்காலத்து இளைஞர், இணையப் பக்கங்களை வடிவமைக்கும் தொழிலைப் பயின்று, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு மாநாடுகளிற் கலந்துகொள்கின்றனர். மாத்தளையிலோ உக்குவளையிலோ இருக்கும் ஒரு மாணவன், விமானச் சீட்டும் விசாவும் இன்றி, இலண்டனில் பேசும் நிபுணரின் உரையைக் கேட்கின்றான். இதற்கும் அந்தப் பழைய குகைகளுக்கும் யாது தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. மாநாட்டினாற் பயன் எப்பொழுது உண்டாகும் என்பதை அலுவிகாரையைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

அன்று கூடிய சபை

மகிந்த தேரர் இலங்கைக்கு வந்த காலந்தொட்டு, பௌத்த வேதமாகிய திரிபிடகம் இந்நாட்டிலே வாய்மொழியாகவே வழங்கி வந்தது. துறவிகள் அதனைப் பகுதி பகுதியாக மனனஞ் செய்து மாணாக்கருக்கு ஓதுவித்தனர். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என்று வழங்கப்படும் வட்டகாமணி அபயன் காலத்தில், போரும் கொடிய பஞ்சமும் நாட்டை வாட்டின. பஞ்சம் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது என்பர். துறவிகள் பலர் மாண்டனர். பலர் கடல் கடந்து சென்றனர்.

அப்போது நேர்ந்த ஆபத்தைப் பழைய உரைநூல் ஒன்று எடுத்துரைக்கின்றது. மகாநித்தேசம் என்னும் நூலை முழுமையாக அறிந்தவர் ஒரே ஒருவர்தான் எஞ்சியிருந்தாராம். அவர் ஒழுக்கத்திற் குறையுடையவர். ஆயினும், அவர் மறைந்தால் நூலும் மறையுமே என்று அஞ்சி, ஏனையோர் அவரிடமே சென்று அதனைக் கற்றுக்கொண்டனர். ஒரு மனிதனின் மூச்சிலே ஒரு நூலின் உயிர் தங்கியிருந்த நிலை அது.

இந்நிலை மீண்டும் வாராதிருத்தற் பொருட்டே துறவிகள் ஒன்றுகூடினர். ஐந்நூறு பேர் கூடினர் என்பது மரபு. ஓதினர், ஒப்பு நோக்கினர், ஏட்டில் எழுதினர். வெறுமனே ஓதிவிட்டுக் கலைந்திருப்பாராயின், அச்சபையை இன்று யார் நினைப்பர்? அவர்கள் எழுதி வைத்ததனாலேயே அது வரலாற்றில் நிலைபெற்றது.

இன்றும் அங்கே செல்வோர், ஏடு எழுதும் முறையைக் காணலாம். தாளிப்பனையின் குருத்தோலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டுப் பதப்படுத்துகின்றனர். கூரிய எழுத்தாணியாற் கீறி, கரிய மையைப் பூசித் துடைத்தால், கீறலில் மட்டும் மை தங்கி எழுத்துத் தெளிவாகத் தோன்றும். ஓலையின் அகலம், வரிகளின் இடைவெளி, கயிறு கோக்கும் துளை ஆகிய யாவும் முன்னரே திட்டமிடப்படுவன. பக்கத்தை அமைக்கும் கலை பழையது என்பதற்கு இதுவே சான்று.

இணையத்தின் மாநாடுகள்

இணையப் பக்கக் கலையும் மாநாடுகளாலேயே வளர்ந்தது. உலகளாவிய வலையைப் பற்றிய முதலாவது சர்வதேச மாநாடு 1994 மே மாதத்தில் செனீவாவில் கூடியது. அவ்வாண்டிலேயே சிக்காகோவிற் கூடிய அடுத்த மாநாட்டில், ஹோக்கோன் வியும் லீ என்னும் நோர்வே அறிஞரின் யோசனை ஒன்று முன்வைக்கப்பட்டது. பக்கத்தின் பொருள் வேறு, எழுத்தின் பருமன், நிறம், இடைவெளி முதலாய தோற்றம் வேறு. இரண்டையும் தனித்தனியே எழுதுக என்பது அதன் சாரம். பலர் ஆராய்ந்து திருத்தியபின், 1996 டிசெம்பரில் அது பொது நியமமாக வெளிவந்தது. இன்று நாம் காணும் இணையப் பக்கங்களின் அழகு பெரிதும் அந்நியமத்தின் வழிவந்ததே.

தமிழரும் பின்தங்கவில்லை. தொடக்க காலத்தில், ஒருவர் ஓர் எழுத்துருவிலே எழுதிய தமிழ், வேறு எழுத்துருவுடைய கணினியிலே பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. விசைப்பலகைகளும் பலவாயிருந்தன. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பெப்ரவரியிற் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடிற்று. அதன் பயனாகப் பிறந்தது ‘தமிழ் 99’ விசைப்பலகை. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு அதனை அங்கீகரித்தது. அன்று ஆற்றிய சொற்பொழிவுகளை அறியாதோரும் இன்று தம் கைத்தொலைபேசியில் அவ்விசைப்பலகையைத் தெரிந்தெடுத்துத் தட்டெழுதுகின்றனர். ஒரு மாநாட்டுக்கு இதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேண்டுமோ?

2020 இல் கொள்ளைநோய் உலகை வீட்டுக்குள் அடைத்தபோது, இத்துறையின் மாநாடுகள் பல இணைய வழிக்கு மாறின. தமிழிணைய மாநாடும் அவ்வாண்டு அவ்வாறே நடைபெற்றது. நோய் தணிந்தபின் மண்டபங்கள் மீண்டும் திறந்தன. எனினும், திரைவழிப் பங்குபற்றும் வழக்கம் நிலைத்துவிட்டது. சில கூட்டங்களுக்குக் கட்டணமில்லை. வேறு சிலவற்றில் மாணவர்க்குச் சலுகையுண்டு. ஆங்கிலப் பேச்சை விரைந்து விளங்கிக்கொள்ள இயலாதோர்க்கு, திரையின் அடியில் ஓடும் எழுத்து வரிகள் துணைசெய்கின்றன.

கேட்கும் முறை

வசதி வந்ததனால் மாத்திரம் கல்வி வந்துவிடுமா? வாராது. ஒரு திரையில் உரை ஓட, மறு திரையில் வேறு வேலை பார்ப்பவன் மாநாட்டிற் கலந்துகொண்டவன் அல்லன். இங்கேதான் பவணந்தி முனிவரின் நன்னூல் நமக்குக் கைகொடுக்கின்றது. ஆசிரியர் கூறுவதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும். பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய பாதி நிறையும் என்பது அந்நூலின் கருத்து. இணைய மாநாட்டுக்கு இக்கணக்கு முற்றும் பொருந்தும்.

முதலிற் கேட்டல். நிகழ்ச்சிநிரலை முன்னரே வாசித்து, தன் வேலைக்கு உதவும் இரண்டு அல்லது மூன்று உரைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். நேரத்தையும் கணித்தல் அவசியம். கோடை காலத்தில் இலண்டனில் காலை பத்து மணி என்றால் நமக்குப் பிற்பகல் இரண்டரை. சான்பிரான்சிஸ்கோவில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. அருகில் ஓர் அப்பியாசக் கொப்பியும் பேனாவும் இருக்கட்டும்.

அடுத்தது உடன் பயில்வோர். வெளிநாட்டு மண்டபத்தில் இடைவேளைத் தேநீரின்போது நிகழும் உரையாடலே பலருக்குப் பெரும் பயன் தருவது. திரையின் முன் தனித்திருப்பவனுக்கு அது கிட்டாது. ஆதலால், ஊரிலுள்ள நண்பர் மூவர் நால்வர் ஒருங்கிருந்து கேட்பது நன்று. கேள்விகளை எழுத்திற் கேட்க இடமிருப்பின், கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

இறுதியானது எடுத்துரைத்தல். கேட்டதைத் தான் ஆக்கிய ஒரு பக்கத்திலே செய்து பார்த்து, பின்னர் தமிழிலே பிறருக்கு விளக்க வேண்டும். தமிழ் எழுத்துக்கள் இணையப் பக்கங்களில் எங்கெங்கே இடர்ப்படுகின்றன என்பதை, வலையின் நியமங்களை வகுக்கும் உலக அமைப்பே ஆவணமாகத் தொகுத்து வருகின்றது. அத்தகைய குறைகளை உணர்ந்து உரைக்கத் தமிழ் வாசிப்போரன்றி வேறு யார் உளர்?

பெற்றோருக்கும் ஒரு சொல். இரவு நெடுநேரம் பிள்ளை திரையின் முன் அமர்ந்திருந்தால், வீண்பொழுது போக்குகின்றான் என்று உடனே கடிந்துகொள்ள வேண்டாம். மறுநாட் காலையில், “இரவு என்ன கேட்டாய்?” என்று வினவுங்கள். தாய்க்கும் தங்கைக்கும் விளங்கும்படி அவன் சொல்ல முயல்வானாயின், நன்னூலார் கூறிய அந்த எஞ்சிய பாதி உங்கள் வீட்டுக் கூடத்திலேயே நிறைவேறும்.

அலுவிகாரை மற்றொன்றையும் உணர்த்துகின்றது. 1848 இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சியின்போது, அவ்விகாரையின் ஏட்டுத் தொகுதி பெரிதும் அழிந்துபோயிற்று. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. எழுதப்பட்டதோடு நில்லாது, படியெடுக்கப்பட்டுப் பல இடங்களுக்கும் அது பரவியிருந்தமையே காரணம். மாநாட்டு ஒளிப்பதிவுகளும் ஒருநாள் இணையத்திலிருந்து நீங்கக்கூடும். நாம் எழுதி வைத்ததும் பிறருக்கு வழங்கியதுமே நமக்கு எஞ்சும்.